டோக்கியோவின் சிவப்புத் தேதிகள்: ஒரு கோல்டன் வீக் நாட்குறிப்பு

ஏப்ரல் 29, 2025, செவ்வாய்

கோல்டன் வீக் சமயத்தில் ஜப்பான் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ரயிலில் இடம் கிடைக்காது, ஹோட்டல் விலை எகிறும், எங்கே பார்த்தாலும் வரிசை. ஆனால் நான் பார்க்க வந்ததே அந்தக் கூட்டத்தைத்தான். ஏப்ரல் 29, மே 3, 4, 5 என்று நான்கு அரசு விடுமுறைகள் ஒரே வாரத்தில் வருகின்றன. ஒரு நாடு எதையெல்லாம் மறக்காமல் இருக்க நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாரம் அமையாது. டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இருக்கும் கல்லூரித் தோழியின் வீட்டில் ஜாகை, அதனால் ஹோட்டல் கவலையும் இல்லை.

இன்று ஷோவா தினம். ஷோவா என்பது பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சிக் காலத்தின் பெயர். காலையில் தாச்சிகாவா போகும் ரயிலில் தோழி தன் போனில் ஒரு சட்டத்தை எடுத்து எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். 1948 ஜூலையில் வந்த விடுமுறைச் சட்டம் அது. ஒவ்வொரு நாளுக்கும் பெயர், தேதி, அப்புறம் அந்த நாள் எதற்காக என்று ஒரே ஒரு வரி. ஷோவா தினத்துக்கு உள்ள வரி ஏறக்குறைய இப்படி: கொந்தளிப்பான நாட்களைக் கடந்து மறுமலர்ச்சி கண்ட ஷோவா காலத்தைத் திரும்பிப் பார்த்து, நாட்டின் எதிர்காலத்தை நினைத்துப் பார்க்க. விடுமுறைக்குக் காரணத்தை இப்படிச் சட்டத்திலேயே எழுதி வைப்பது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஏப்ரல் 29 பேரரசர் ஹிரோஹிதோவின் பிறந்தநாள், பிறந்தது 1901. போருக்கு முன்பும் இது விடுமுறை, போருக்குப் பின்பும் பேரரசர் பிறந்தநாள் என்ற பெயரில் விடுமுறை. 1989 ஜனவரி 7-ஆம் தேதி அவர் இறந்ததும் புதுப் பேரரசரின் பிறந்தநாளான டிசம்பர் 23 அந்த இடத்துக்கு வந்தது. நியாயமாக ஏப்ரல் 29 அப்போதே காலண்டரிலிருந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அவருக்குச் செடிகொடிகள் மேல் இருந்த ஈடுபாட்டைச் சாக்காக வைத்து அதைப் பசுமை தினம் ஆக்கினார்கள். ஷோவா தினம் என்று மாற்றும் மசோதா 2000-த்திலும் 2003-இலும் கரை சேராமல், 2005-இல் நிறைவேறி, 2007-இல் நடைமுறைக்கு வந்தது. பசுமை தினம் மே 4-க்கு இடம் மாறியது. ஆக, தேதி அப்படியே இருக்கிறது, பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

போன இடம் ஷோவா நினைவுப் பூங்கா, நுழைவு 450 யென். அவர் ஆட்சிக்கு வந்து 50 ஆண்டு நிறைந்ததை ஒட்டி அமைத்து 1983-இல் திறந்தார்கள். நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, அதில் ஒரு பிரம்மாண்டமான கெயாக்கி மரம், சுற்றிலும் நீலநிறப் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு. பாயின் ஓரத்தில் செருப்புகளை முனை வெளிப்பக்கம் இருக்கும்படி வரிசையாகத் திருப்பி வைத்திருந்தார்கள், இரண்டு வயதுப் பிள்ளையின் குட்டி ஷூ உட்பட.

இவ்வளவு அமைதியாக இருக்கும் இந்த மண் முன்னாளில் ராணுவ விமானத் தளம். 1945-க்குப் பிறகு அமெரிக்கப் படைகளிடம் போனது. ஓடுபாதையை நீட்ட நிலம் எடுக்க வந்தபோது பக்கத்து ஊரான சுனாகாவாவின் விவசாயிகள் 1950-களில் எதிர்த்து நின்றார்கள், அது நீதிமன்றம் வரை போய்ப் பெரிய வழக்கானது. அதை மே 3-இல் எழுதுகிறேன், அந்த நாளுக்குத்தான் அது பொருத்தம். தளத்தை 1977-இல்தான் முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இன்றைய குறிப்பை முடிக்க முடியாது. ஜப்பானியர் ஆக்கிரமித்திருந்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இதே ஏப்ரல் 29-ஐப் பேரரசர் பிறந்தநாள் என்று கொண்டாட வைத்தார்கள். அதே ஆண்டுகளில்தான் ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே செத்துப்போனார்கள். 'கொந்தளிப்பான நாட்கள்' என்று சட்டம் சொல்வதற்குள் இவர்களும் இருக்கிறார்களா? எனக்கு இருந்தாக வேண்டும் என்று தோன்றியது, தோழியிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 30, புதன்

இன்று வேலை நாள். நாளையும் நாளன்றைக்கும் அப்படித்தான். விடுமுறைகள் இப்படி விட்டுவிட்டு வந்தால் இங்கே அதைத் தாண்டுகல் விடுமுறை என்கிறார்கள், தோட்டத்தில் கால் வைத்துத் தாண்டிப் போகப் போட்டிருக்கும் கற்களைப் போல. சில கம்பெனிகள் இடைப்பட்ட நாட்களையும் சேர்த்து மூடிவிடுகின்றன. தோழியின் கம்பெனி மூடவில்லை, கணவரும் வேலைக்குப் போய்விட்டார், அவர்களின் ஐந்து வயதுப் பையன் ஹொய்குயென், அதாவது குழந்தைகள் காப்பகம், போய்விட்டான். நான் சமையலறைக் காலண்டரோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆண்டுக்கு 16 அரசு விடுமுறைகள். ஜூனிலும் டிசம்பரிலும் ஒன்றுகூட இல்லை. டிசம்பர் 23 இருந்தது. 2019-இல் பேரரசர் அகிஹிதோ பதவி விலகி மகன் நருஹிதோ வந்ததும் பிறந்தநாள் விடுமுறை பிப்ரவரி 23-க்குப் போய்விட்டது. அந்த 2019-இல் மட்டும் பேரரசர் பிறந்தநாள் விடுமுறையே கிடையாது: பிப்ரவரி வரும்போது அவர் பதவிக்கு வரவில்லை, டிசம்பர் வரும்போது பழையவர் பதவியில் இல்லை.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் பிடிபடுகிறது. 1948 சட்டம் பழைய ஏகாதிபத்தியக் கால விடுமுறைகளை ஒழித்தது என்றுதான் படித்திருந்தேன். தேதிகளைப் பார்த்தால் பாதி அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. நவம்பர் 23 உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள். அதற்கு முன்பு அது பேரரசர் புது அரிசியைத் தெய்வத்துக்குப் படைக்கும் நீனாமே சடங்கின் நாள், அரண்மனையில் இன்றும் அதே தேதியில் அந்தச் சடங்கு நடக்கிறது. நவம்பர் 3 பண்பாட்டு தினம், அடியில் மெய்ஜி பேரரசரின் பிறந்தநாள். பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்த, இலையுதிர் காலச் சமநாட்கள் முன்பு அரச முன்னோரை வணங்கும் நாட்கள். சட்டம் ஒன்றை இயற்கைக்குக் கொடுத்துவிட்டு மற்றதில் முன்னோரை அப்படியே வைத்துக்கொண்டது. பிப்ரவரி 11, புராணப்படி முதல் பேரரசர் ஜிம்மு முடிசூடிய நாள், 1948-இல் பட்டியலிலிருந்து போனது. 1966-இல் நாடு பிறந்த நாள் என்ற பெயரில் திரும்ப வந்துவிட்டது.

சமநாட்கள் இரண்டுக்கும் சட்டத்தில் தேதியே கிடையாது. தேசிய வானாய்வகம் கணக்குப் போட்டுக் கொடுக்க, அடுத்த ஆண்டுக்கான தேதி முந்தைய பிப்ரவரி அரசிதழில் வருகிறது.

மலை தினம் ஆகஸ்ட் 11, இது 2016-இல்தான் வந்தது. முதலில் பேச்சில் இருந்தது ஆகஸ்ட் 12. ஆனால் 1985-இல் அதே ஆகஸ்ட் 12 அன்று ஜம்போ விமானம் ஒன்று குன்மா மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். மலையைக் கொண்டாட அந்த நாள் வேண்டாம் என்று ஒரு நாள் முன்னால் தள்ளினார்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதற்காகவே இன்று வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மே 1, வியாழன்

ஜப்பானில் மே தினம் விடுமுறை இல்லை. யோயோகி பூங்காவில் தொழிற்சங்கக் கூட்டம் நடக்கிறது, ஆனால் ஊர் அதன்பாட்டுக்கு வேலை பார்க்கிறது. இந்த வருஷம் இன்றைக்கு இன்னொரு விசேஷம்: வசந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 88-ஆம் நாள், புதுத் தேயிலை பறிக்கும் நாள். தேயிலைக் கடை வாசலில் நின்று ஒரு கிண்ணம் குடித்தேன். காரம் இல்லை, கசப்பும் குறைவு, பச்சைப் பட்டாணியை நசுக்கினால் வரும் வாசம். விவசாயிகளின் காலண்டரில் இவ்வளவு முக்கியமான நாள் அரசு காலண்டரில் இல்லை. ஆகஸ்ட் நடுவில் நாடே ஊருக்குக் கிளம்பிப் போகும் ஓபோனும் அப்படித்தான், சட்டப்படி அது விடுமுறையே இல்லை என்று தோழி சொன்னபோது நம்பவே முடியவில்லை.

மே 3, சனி

அரசியலமைப்பு நினைவு நாள். காலையில் ஹிபியாவில் இறங்கி அரண்மனை அகழியை ஒட்டி நடந்தோம். அகழிக்கு எதிரே சதுரத் தூண்கள் வரிசையாக நிற்கும் தாய்-இச்சி செய்மெய் காப்பீட்டுக் கட்டடம். போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட நேச நாட்டுப் படைகளின் தளபதி, அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தரின் தலைமையகம் இதுதான். 1946 பிப்ரவரி 4 முதல் 12 வரை, ஒன்பதே நாளில், இதற்குள் உட்கார்ந்துதான் அமெரிக்கக் குழு அரசியலமைப்பு வரைவை எழுதியது.

அந்தக் குழுவில் பியாட்டே சிரோட்டா என்ற பெண் இருந்தார், வயது 22. டோக்கியோவில் வளர்ந்தவர், ஜப்பானியப் பெண்கள் யாரைக் கல்யாணம் செய்வது என்பதில்கூட அவர்களுக்குச் சொல்லில்லாத நிலையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். ஜீப்பை எடுத்துக்கொண்டு குண்டுவீச்சில் தப்பிய நூலகங்களுக்குப் போய்ப் பல நாடுகளின் அரசியலமைப்புகளைத் திரட்டி வந்து பெண்ணுரிமைப் பகுதியை எழுதினார். திருமணம் இருவரின் சம்மதத்தில் மட்டுமே நிற்கும், கணவன் மனைவிக்குச் சம உரிமை என்று சொல்லும் 24-ஆம் பிரிவு அதிலிருந்து வந்தது. நான் அந்தக் கட்டடத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, நேரில் தெரிந்தவர் போல.

அமெரிக்கர் எழுதிக் கொடுத்தது என்று இதை ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இங்கே நிறைய. அது முழு உண்மை இல்லை. 1946 ஏப்ரலில் ஜப்பானியப் பெண்கள் முதல்முறையாக வாக்களித்த தேர்தலில் 39 பெண்கள் ஜெயித்து உள்ளே போனார்கள். வரைவை விவாதித்துத் திருத்தி நிறைவேற்றியது அந்த நாடாளுமன்றம். 1946 நவம்பர் 3-இல் அறிவித்து, ஆறு மாதம் கழித்து 1947 மே 3-இல் அமலுக்கு வந்தது. அறிவிப்புக்கு மெய்ஜி பிறந்தநாளை எடுத்திருக்கிறார்கள் பாருங்கள், அதனால் இரண்டு தேதிகளுமே இன்று விடுமுறை.

103 பிரிவுகள். இன்றுவரை ஒரு எழுத்துகூடத் திருத்தப்படவில்லை. திருத்த வேண்டுமென்றால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். சண்டை முழுக்க 9-ஆம் பிரிவைச் சுற்றித்தான்: போரைக் கைவிடுகிறோம், படை வைத்துக்கொள்ள மாட்டோம் என்கிற பிரிவு. செவ்வாயன்று சொன்ன சுனாகாவா வழக்கு இங்கேதான் வந்து சேருகிறது. சுனாகாவாவில் போராடியவர்கள் தளத்துக்குள் நுழைந்ததாகப் போட்ட வழக்கில், 1959 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அமெரிக்கப் படை இங்கே இருப்பதே 9-ஆம் பிரிவுக்கு முரண் என்று சொல்லிக் குற்றவாளி இல்லை என்று விட்டது. அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்தத் தளத்து மண்ணில்தான்.

மதியம் அரியாகேயில் கடலோரம் உள்ள பேரிடர்ப் பூங்காவுக்குப் போனோம். அரசியலமைப்பைக் காப்போம் என்பவர்கள் ஆண்டுதோறும் இங்கே கூடுகிறார்கள். மாற்ற வேண்டும் என்பவர்கள் வேறொரு அரங்கில் இதே நாளில் கூடுகிறார்கள். வந்தவர்களில் தலை நரைத்தவர்கள்தான் அதிகம். மடக்கு நாற்காலி, தொப்பி, தெர்மாஸ், கையால் எழுதிய அட்டை. எனக்கு முன்னால் ஒரு அம்மா தன் அட்டையில் 9 என்ற எண்ணைத் துணியில் வெட்டித் தைத்தே கொண்டுவந்திருந்தார், ஓரத்தில் சங்கிலித் தையல். வருஷா வருஷம் அதே அட்டைதானாம், நூல் பிரிந்தால் மறுபடி தைப்பாராம். எந்தப் பக்கம் நின்றாலும் சரி, ஒரு சட்டப் புத்தகத்துக்காக நான்கு நாள் தொடர் விடுமுறையின் முதல் நாளைக் கொடுக்க இத்தனை பேர் வருகிறார்கள் என்பதை மதிக்கிறேன்.

மே 4, ஞாயிறு

பசுமை தினம். டோக்கியோ மாநகரத்தின் தோட்டங்களும் உயேனோ விலங்குக் காட்சிசாலையும் இன்று இலவசம். உயேனோவில் கூட்டம் நெரியும் என்று ஹமாரிக்யூ போனோம்.

முன்னாளில் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகன்கள் வாத்து வேட்டையாடிய இடம், மெய்ஜி காலத்தில் அரச குடும்பத்துக்குப் போய், 1945-இல் நகரத்துக்கு வந்து, 1946-இல் மக்களுக்குத் திறந்தது. வாசலைத் தாண்டியதும் 1709-இல் நட்டதாகச் சொல்லும் பைன் மரம், கிளைகளைத் தரையோடு தரையாகப் படரவிட்டு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள குளம் கடல்நீர்க் குளம். டோக்கியோ விரிகுடாவின் ஏற்றவற்றத்தைப் பார்த்து மதகைத் திறந்து மூடுகிறார்கள், மீன்களும் கூடவே உள்ளே வருகின்றன. கரைக் கல்லில் ஈரம் ஏறி இறங்கிய கோடு தெளிவாகத் தெரிகிறது. குளத்தின் நடுவே உள்ள தேநீர் வீட்டில் 1879-இல் மெய்ஜி பேரரசரும் அமெரிக்க முன்னாள் அதிபர் கிராண்ட்டும் சந்தித்தார்கள். இன்று அங்கே பையன் மாச்சா என்னும் பச்சைத் தேநீரைத் தொடவில்லை, கூட வந்த இனிப்பை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஓடிவிட்டான்.

இந்த மே 4-க்கும் ஒரு கதை உண்டு. பசுமை தினம் இங்கே குடிவரும் முன்பே இது விடுமுறைதான், எந்தப் பெயரும் இல்லாமல். இரண்டு விடுமுறைகளுக்கு நடுவே ஒரு நாள் மாட்டிக்கொண்டால் அதுவும் விடுமுறை என்று 1985-இல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 22-க்கு அந்தப் பிரிவு மறுபடி வேலை செய்யும்: 21 முதியோர் தினம், 23 இலையுதிர் காலச் சமநாள்.

மே 5, திங்கள்

குழந்தைகள் தினம், இந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள். காலையில் டோக்கியோ டவர். அதன் உயரம் 333 மீட்டர், அடியில் 333 துணிக் கெண்டைமீன்களைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். காற்று வாய்க்குள் புகுந்து வால் வரை உப்பி, அடங்கி, மறுபடி உப்புகிறது. அருவியை எதிர்த்து ஏறிய கெண்டை டிராகன் ஆகிவிடும் என்கிற பழைய சீனக் கதையிலிருந்து வந்த வழக்கம், பிள்ளை அப்படித் திடமாக வளர வேண்டும் என்று. தோழி வீட்டு பால்கனியிலும் ஒரு சின்ன செட் தொங்குகிறது: கறுப்பு அப்பா, சிவப்பு அம்மா, நீலம் பிள்ளை. அதற்கு முன்னால் ஹொய்குயெனில் பையனே செய்த காகித மீன், கண் இரண்டும் ஒரே பக்கத்தில்.

இது ஆதியில் ஆண் பிள்ளைகளின் பண்டிகை. பெண் பிள்ளைகளுக்கு மார்ச் 3, பொம்மை அடுக்கும் பண்டிகை. 1948-இல் மே 5 மட்டும்தான் விடுமுறை ஆனது. சட்டத்தின் வரி இப்படிப் போகிறது: குழந்தைகளின் ஆளுமையை மதித்து, அவர்கள் நலனுக்கு வழிசெய்து, கூடவே தாய்க்கு நன்றி சொல்ல. குழந்தைக்கும் ஆளுமை உண்டு, அதை மதிக்க வேண்டும் என்று 1948-இல் சட்டத்தில் எழுதியது பெரிய விஷயம். ஆனால் மார்ச் 3-ஐயும் சேர்த்திருக்கலாம். அம்மாவுக்கு நன்றி என்று ஒரு வால் சேர்த்தால் பெண் குழந்தைக்கு ஈடாகிவிடாது.

மதியம் காஷிவா மோச்சி. அரிசி மாவு, உள்ளே இனிப்பு அசுக்கிப் பயறு, வெளியே ஓக் இலை. இலையைச் சாப்பிடக் கூடாது. புது மொட்டு விடும் வரை இந்த மரத்தின் பழைய இலை உதிராதாம், அதனால் வம்சம் அறுபடாமல் தொடரட்டும் என்று இந்த இலை.

மாலையில் பக்கத்துத் தெருவில் உள்ள செந்தோ, அதாவது பொதுக் குளியல் கூடம். பெரியவர்களுக்கு 550 யென். இன்று வெந்நீரில் ஷோபு இலைகளைக் கட்டுக்கட்டாக மிதக்க விட்டிருந்தார்கள், நீளமாக, வாள் மாதிரி. ஒரு கட்டைக் கையில் எடுத்து முகர்ந்ததும் தெரிந்த வாசம், எங்கே என்றுதான் பிடிபடவில்லை. வெளியே வந்து போனில் தாவரப் பெயரைத் தேடினேன். வசம்பு! நம் வீட்டில் குழந்தைக்கு உரைத்துப் போடும், கையில் கோர்த்துக் கட்டும் அதே வசம்பு. நாம் கிழங்கை எடுத்துக்கொள்கிறோம், இவர்கள் இலையை. சுட்டுக் கரியாக உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினால் வயிற்று உப்புசம் போகும் என்பது எங்கள் ஆச்சியின் வைத்தியம். இலை மிதக்கும் நீரில் குளித்தால் நோயும் கெட்டதும் அண்டாது என்பது இவர்கள் நம்பிக்கை. இரண்டு ஊரிலும் பிள்ளைக்காகத்தான்.

தொட்டிக்குள் இருந்த பாட்டி ஒருவர் நீளமான இலை ஒன்றை எடுத்துப் பையனின் நெற்றியைச் சுற்றிக் கட்டிவிட்டார். காய்ச்சல் வராது, புத்தியும் வரும் என்றாராம். அவன் வீடு வரும் வரை அவிழ்க்கவில்லை.

மே 6, செவ்வாய்

இன்றும் விடுமுறை, காரணம் ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை ஞாயிறில் விழுந்தால் ஈடாக ஒரு நாள் கொடுக்க வேண்டும் என்பது 1973-இல் வந்த விதி. முன்பெல்லாம் அது மறுநாள் திங்கள்தான். இந்த வருஷம் பசுமை தினம் ஞாயிறு, ஆனால் திங்கள் ஏற்கெனவே குழந்தைகள் தினம், அதனால் இப்போதைய விதிப்படி அடுத்துக் காலியாக இருக்கும் செவ்வாய்க்கு ஈடு நகர்ந்துவிட்டது.

ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பும் நாள். டிவியில் காலையிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலும் ஷின்கான்சென் மேடைகளும்தான். இந்த வாரத்தில் வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஷின்கான்சென் அதிவேக ரயில்களில் நோசோமி வகை இப்போது கோல்டன் வீக்கில் முழுக்க முன்பதிவுதான், முன்பதிவு இல்லாத இருக்கைக்காகப் போய் வரிசையில் நிற்க முடியாது.

சாயங்காலம் தோழியின் கணவர் கெண்டைமீன்களைக் கழற்றி மடித்துக்கொண்டே பேசினார். சம்பளத்தோடு விடுப்பு நிறைய இருக்கிறது, ஆனால் எடுக்கக் கூச்சம் என்றார். தான் இல்லாத நாளில் தன் வேலை பக்கத்து மேசைக்காரர் தலையில் விழும். ஆண்டுக்கு 5 நாளாவது ஊழியரை விடுப்பு எடுக்க வைத்தாக வேண்டும் என்று 2018-இல் முதலாளிகளுக்கே சட்டம் போட வேண்டி வந்தது. சிவப்புத் தேதியில் அந்தக் கூச்சம் இல்லை, எல்லாருக்கும் ஒரே நாளில் விடுமுறை, யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். இந்த வாரம் முழுக்க நான் சட்டத்தின் வரிகளையே படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்த வரிகள் ஒன்றும் நினைவில்லை, பையனோடு தொடர்ந்து நான்கு நாள் இருந்தது மட்டும்தான் கணக்கு. அதுவும் சரிதான் என்று படுகிறது.

நாளை அவருக்கு 7 மணி ரயில். ஏப்ரலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த விடுமுறை முடிந்ததும் மனம் சோர்ந்துபோவதற்கு இங்கே மே நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் குழுவிலும் இரண்டு புதுப் பையன்கள் இருக்கிறார்களாம், நாளை மதியம் அவர்களை வெளியே சாப்பிடக் கூட்டிப்போகப் போகிறாராம். அடுத்த சிவப்புத் தேதி ஜூலை 21, கடல் தினம். அதுவரை ஒன்றும் கிடையாது.